முப்பத்தொண்ணாம் நம்பர் சீட்டு

இல்ல லியூங் சான், பேனா வேண்டாம். எங்க ஊர்ல இந்த மாதிரி காகிதத்துக்குக் கையெழுத்து எடுபடாது, முத்திரைதான். அது என் பையிலேயே இருக்கு. இதோ, எடுத்து வெச்சுட்டேன் பாருங்க, மைப்பெட்டியும் பக்கத்துல. எங்கயும் ஓடிடாது. மொதல்ல உங்க குடையை வாசல்ல இருக்கிற தொட்டியில போட்டுட்டு வாங்க. கூடாரம் பூரா சொட்டுது. குரோசாகா சான் கிட்ட கேட்டா ஆள் வெச்சுத் துடைக்கிறோம்னு சொல்வார். அந்த ஆள் நான்தான்.

உட்காருங்க. பார்லி டீ ஆறிடும், குடிங்க.

காகிதத்தைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். கரையோரத்தில் காணப்படும் பயணிகளின் உடைமை எதுவாயினும் தொலைந்த பொருளாகவே கருதப்படும். கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கும் வரை அது குறித்து வேறெந்த அறிவிப்பும் செய்யப்படாது. கீழ என் பேரு. தோகுரா மிசாவோ, பொறுப்பாளர், தொலைந்த பொருள் மேசை, ஹமாசே துறைமுகம். நல்லா எழுதியிருக்கு. உங்க கப்பல் கம்பெனி ஆஃபீஸ்லயா எழுதினாங்க? குரோசாகாவா? வரவேற்புக் குழுத் தலைவர்தான், ஆனா ரெண்டு வரி சேர்ந்தாப்ல எழுதமாட்டார் அவர். யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க.

நான் இதுல முத்திரை வெச்சா ஹமாசேக்கு அறுபத்தொண்ணு மார்க். வைக்கலேன்னா ஐம்பத்தஞ்சு. அறுபதுக்குக் கீழ போனா அடுத்த வருஷ அட்டவணையில எங்க ஊர் பேரே இருக்காது, உங்க கப்பல் இந்தப் பக்கம் திரும்பாது. சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டேன்? சரி. என் கட்டைவிரல்ல பாதிகூட இல்ல இந்த முத்திரை. இதுல ஆறு மார்க் ஒளிஞ்சிருக்குன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சு.

வைக்கிறேனா மாட்டேனான்னு அப்புறம் பார்ப்போம். மீதி ஐம்பத்தஞ்சு எப்படி வந்துச்சுன்னு எனக்குக் காட்டுங்களேன். அந்தப் படிவத்தை இப்படித் திருப்புங்க. கண்ணாடி போட்டுக்கிறேன்.

கழிப்பறை, பத்துக்குப் பத்து. அது நியாயம். உங்க பயணிகள் இந்த ஊர்ல முழுசா அனுபவிச்சது அது ஒண்ணைத்தான். உட்கார்ற இடம் சூடா இருக்குன்னு வெளிய வந்து பொண்டாட்டியைக் கூப்பிட்டு உள்ள அனுப்புறாங்க. உள்ள போய் போட்டோ எடுக்குறாங்க. பதினாலு மாடிக் கப்பல்ல வந்து இறங்கி, மலையையும் கோயிலையும் விட்டுட்டு, கழிப்பறை வாசல்ல வரிசை கட்டி நிக்கிறவங்களை நான் எந்தக் கணக்குல சேர்க்கிறது, நீங்களே சொல்லுங்க.

நகரத்துக்குப் போக வசதி, பத்துக்கு ஏழு. ஏழா? நீங்க அந்த பஸ்ல ஏறினீங்களா? ஏறலையா. அதான். அது ஊருக்குள்ளயே போகாது. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய மருந்துக்கடை வாசல்ல இறக்கிவிடும். ரெண்டாயிரம் பேர் கடலைத் தாண்டி வந்து தலைவலித் தைலமும் பல்பசையும் வாங்கிட்டுத் திரும்பிப் போவாங்க. ஊருக்குள்ள ஏன் போகலேன்னு கேக்குறீங்களா? போய் என்ன பண்றது? எங்க கடைவீதிக்குப் புதன்கிழமை லீவு. நாப்பது வருஷமா புதன்கிழமைதான் லீவு. உங்க கப்பல் வர்றதும் புதன்கிழமை. ஆறு வருஷமா ரெண்டு பேரும் மாத்திக்கல. கடைக்காரங்க கப்பல் நாளை மாத்தட்டும்கிறாங்க, உங்க ஆஃபீஸ் கடை நாளை மாத்தட்டும்கிறாங்க. நடுவுல குரோசாகா சான் இதுக்காகவே ஒன்பது கூட்டம் போட்டார். கடைசில என்ன முடிவு தெரியுமா? மூடின ஷட்டர் மேல நல்வரவுன்னு நாலு மொழியில துணி கட்டித் தொங்கவிடறதுன்னு முடிவாச்சு. ஆமா, மூடின கடை மேலதான். நான் வேடிக்கைக்குச் சொல்லல, போற வழியில பாருங்க, இன்னும் தொங்குது.

வரவேற்பு, பத்துக்கு எட்டு. ம். பிளாஸ்டிக் செர்ரிப் பூவுக்கு எட்டு. வசந்தத்துல பூக்கிறதை அக்டோபர்ல. அப்புறம் அந்தக் கணவாய் மீன் பொம்மை. உள்ள இருக்கிறது குரோசாகா சானோட அக்கா பையன். கணவாய்க்குப் பத்துக் கை. தைக்கிற செலவு கூடும்னு எட்டோட நிறுத்திட்டாங்க. எங்க ஊரே கணவாய் பிடிக்கிற ஊரு. படகுக்காரங்க அதைப் பார்த்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. ஆனா உங்க பயணிகள் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஆக்டோபஸ்னு நினைச்சுக்கிட்டு. எட்டு மார்க் அதுக்குத்தான் போல.

இல்ல இல்ல, கோபம் இல்ல. என் முகமே இப்படித்தான்.

பயணிகளைப் பத்தி ஒண்ணு சொல்றேன். ஒருத்தர் நேரா இந்த மேசைக்கு வந்தார். பெரிய மனுஷர், நல்ல துணி, கழுத்துல தூரக்கண்ணாடி. பழைய ஜப்பான் எந்தப் பக்கம்னு கேட்டார். கழிப்பறைக்கு இடது பக்கம்னு சொன்னேன். நன்றி சொல்லிட்டுப் போனார். அரை மணி கழிச்சு வந்து ரொம்ப நல்லா இருந்துச்சுன்னும் சொன்னார். அங்க இருக்கிறது ஐஸ் தொழிற்சாலை. இப்படிப்பட்டவங்களுக்கு ஒரு துறைமுகம் எவ்வளவு பிடிச்சுதுன்னு கேட்டு நீங்க மார்க் போடறீங்க. அந்த மார்க்கைப் பார்த்து ஒரு ஊர் தூக்கம் தொலைக்குது.

அடுத்தது என்ன? ஆ, இது. தொலைந்த பொருள் மேசை, பத்துக்குப் பத்து. போன வருஷமும் பத்து. அதுக்கு முந்தின வருஷமும். இந்தப் படிவத்துல எனக்குத் தெரிஞ்சு உண்மையா வாங்கின மார்க் இது ஒண்ணுதான், என் வாயால சொல்லக்கூடாது. ஆறு வருஷம், நாப்பத்தேழு கப்பல். அறுநூத்திப் பன்னெண்டு பொருள் இந்த மேசைக்கு வந்துச்சு. எல்லாத்துக்கும் சீட்டு, சீட்டுல நம்பர், எடுத்த இடம், எடுத்த நேரம். அந்தக் கப்பல் கிளம்புறதுக்குள்ள உரிமையாளர் கையில சேரணும். சேர்த்திருக்கேன். இவங்க எதைத் தொலைக்கலைன்னு கேளுங்க. நூடுல்ஸ் கடையில காகிதக் கைக்குட்டையில சுத்தி வெச்ச பல் செட்டு. மலைப் படிக்கட்டுல காது மெஷின். ஒருத்தர் பொண்டாட்டியையே கோயில்ல விட்டுட்டு பஸ் ஏறிட்டார். டாக்ஸிக்கார மிதோபே அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்து, அக்கா, இதுக்கும் சீட்டு கட்டணுமான்னு கேட்டான். மடியில கிடக்கிற கைப்பையைக் கீழ விட்டுட்டு எழுந்து போற ஜனம். வீட்ல யாரோ பின்னாடியே வந்து பொறுக்கிக் குடுத்து வளர்த்திருக்காங்க. இங்க அந்த வேலை எனக்கு.

என்ன? இல்ல, அறுநூத்திப் பதினொண்ணுதான் திரும்பிப் போச்சு. அலமாரியில அந்த ஒண்ணு மட்டும் நிக்குது. தொடாதீங்க. முப்பத்தொண்ணாம் நம்பர், மொத வருஷத்துது. உரிமையாளர் வரல. அதனால ஒண்ணும் மார்க் குறையல, உங்களுக்கு முன்னாடி இந்த வேலை பார்த்தவர் அதைக் கண்டுக்கவும் இல்ல.

நீங்க அக்டோபர்ல கப்பல் தாமதமான விஷயத்துக்கு வரணும்னு பார்க்கிறீங்க. கடிகாரத்தைப் பார்க்கிறது எனக்குத் தெரியுது. வர்றேன்.

அன்னைக்கு நாலு மணிக்குக் கப்பல் கிளம்பணும். மூணு இருபதுக்குக் கடைசி பஸ் வந்தாச்சு. கடைசி பஸ்ஸுக்கு அப்புறம் நான் கூடையை எடுத்துக்கிட்டுக் கரையோரமா ஒரு நடை போவேன். விட்டுட்டுப் போன தொப்பி, கண்ணாடி, பாட்டில், எதாவது இருக்கும். அன்னைக்கும் போனேன். பழைய விளக்குத்தூண் படிக்கட்டு தெரியுமில்ல உங்களுக்கு, கல்லுப் படி, தண்ணிக்குள்ள இறங்கும். மேல இருந்து மூணாவது படியில ஒரு ஜோடி ஷூ. ஆம்பளை ஷூ. பழுப்புத் தோல், பாலிஷ் போட்டது. உள்ள காலுறையை மடிச்சு வெச்சிருக்கு. ரெண்டும் ஒட்டி, முனை கடலைப் பார்த்து.

உங்க ஹாங்காங்ல அதுக்கு என்ன அர்த்தமோ தெரியாது. எங்க நாட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் சொல்லவேண்டாம். தண்ணிக்குள்ள போய் முடிச்சுக்க நினைக்கிறவங்க ஷூவைக் கழட்டி, அடுக்கி வெச்சுட்டுத்தான் போவாங்க. ஒரு வீட்டுக்குள்ள நுழையற மாதிரி. அதைப் பார்க்கிறவங்க ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது.

குரோசாகா சான் பின்னாடியே வந்தார், ஊதா கோட்டும் பூவுமா. பார்த்தார். அவருக்கும் புரிஞ்சுது. மூஞ்சி வெளிறிப் போச்சு. அப்புறம் திரும்பிக் கப்பலைப் பார்த்தார். மேளம் அடிக்கிற பிள்ளைங்க வரிசையா நிக்கிறாங்க, மேயர் வந்தாச்சு, வழியனுப்புக்கு எல்லாம் தயார். என்கிட்ட மெதுவா சொன்னார்: தோகுரா சான், சீட்டு கட்டி வெச்சுடுங்க. கப்பல் போகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.

நான் அவர் கையில கூடையைக் குடுத்துட்டுக் கடலோரக் காவலுக்கு போன் போட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது உங்க படிவத்துல இருக்கு. ரெண்டு மணி நாப்பது நிமிஷத் தாமதம். காவல் படகு வந்துச்சு, முங்கறவங்க ரெண்டு பேர் இறங்கினாங்க. ராத்திரிக் கடலுக்குத் தயாரா இருந்த கணவாய்ப் படகு பத்தொன்பதும் கயித்தை அவுத்துக்கிட்டு வெளிய வந்துச்சு. யாரும் கூப்பிடல, தானா வந்தாங்க. கப்பலுக்குள்ள யாரையாவது காணோமான்னு எண்ணிப் பார்க்கச் சொன்னோம். சிரிக்கக்கூடாது, ஆனா சொல்றேன். மொத தடவை ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு. அடுத்த தடவை நாப்பத்தி ஆறு. மூணாவது தடவை நாப்பத்தி ஒண்ணு. ஒருத்தர் வெந்நீர்த் தொட்டியில தூங்கிட்டார், ரெண்டு பேர் வேற யாரோட அறையிலயோ இருந்தாங்க, எதுக்குன்னு நான் கேக்கல. என் மேசைக்கு வந்த பல் செட்டு எத்தனைன்னு நான் ஒரு நிமிஷத்துல சொல்லுவேன். உங்க கேப்டனுக்குத் தன் கப்பல்ல எத்தனை ஆள்னு ரெண்டு மணி நேரமாத் தெரியல. அதுக்கு அவருக்கு யார் மார்க் போடறாங்க?

கடைசில ஆஸ்திரேலியாக்காரம்மா ஒருத்தங்க கப்பல் அலுவலகத்துக்கு வந்து, அது என்னோடதுன்னு சொன்னாங்க. மிஸஸ் டன்ஸ்டன். ஷூ அவங்க வீட்டுக்காரரோடது. அவர் போன வருஷமே இறந்துட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்னு டிக்கெட் வாங்கினது, அவர் இல்லாம இவங்க மட்டும் வந்திருக்காங்க. ஒவ்வொரு ஊர்லயும் அவரோட பொருள் ஒண்ணை, நல்ல இடமாப் பார்த்து வெச்சுட்டுப் போறாங்களாம். ஒரு ஊர்ல தொப்பி. ஒரு ஊர்ல புகைபிடிக்கிற பைப். எங்க ஊருக்கு ஷூ. கடலைப் பார்த்து நிக்கட்டும்னு முனையைத் திருப்பி வெச்சிருக்காங்க.

தெரியாமப் பண்ணினது. அவங்களுக்கு எப்படித் தெரியும்? அது சரி. ஆனா உலகம் பூரா வீட்டுக்காரர் சாமானை இறைச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி, அந்தந்த ஊர்ல ஒரு ஆளைக் கேட்டா என்ன? மருந்துக்கடையில பல்பசை எங்கன்னு கேக்க வாய் இருக்கில்ல.

அப்புறம் அவங்க எழுதின கடுதாசி. அதைத்தான் நீங்க புகார்னு எழுதி ஆறு மார்க் குறைச்சிருக்கீங்க. குழுக் கூட்டத்துல குரோசாகா சான் நின்னுக்கிட்டே படிச்சார். எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு, என்னால ஒரு கப்பலே நின்னுடுச்சு, இது நடந்திருக்கக்கூடாது, அப்படின்னு. படிச்சுட்டு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். ரெண்டு பக்கம். அவர் ஒரு பக்கத்தோட நிறுத்திட்டார். ரெண்டாவது பக்கம் உங்ககிட்ட இருக்கா? எடுங்க. மொழிபெயர்ப்பு உங்க ஆஃபீஸோடதுதானே, நீங்களே படிங்க. வேண்டாமா? எனக்கு மனப்பாடம். அந்தம்மா எழுதினது இதுதான்:

படகெல்லாம் வெளிய வந்தப்ப நான் கப்பல் பால்கனியில நின்னேன். எதுக்குன்னு பத்து நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு. உடனே போய்ச் சொல்லியிருக்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேல நான் சொல்லல. அவர் ஆஸ்பத்திரியில இறந்தார், ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, யாரும் எங்கயும் ஓடல. இங்க முன்பின் தெரியாத ஒரு ஊரே அவரைத் தேடிச்சு. அதை நிறுத்த எனக்கு மனசு வரல.

இது புகாரா லியூங் சான்? உங்க படிவத்துல இதுக்குக் கட்டம் இல்ல, அதனால புகார்க் கட்டத்துல போட்டீங்க. ஒரு மணி நேரம். முங்கறவங்க பனித்தண்ணியில கிடக்கிறாங்க, இவங்க மேல நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. என்ன திமிர் பாருங்க. அப்படித்தான் எனக்கு மொதல்ல தோணுச்சு. ரெண்டாவது தடவை படிச்சப்ப அப்படித் தோணல. உங்க ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்ல நான் மட்டமா நினைக்காத ஒரே ஆள் அந்தம்மாதான். அதுக்காக அவங்களுக்கு நன்றிக் கடுதாசி ஒண்ணும் எழுதப் போறதில்ல.

அந்த ஷூவா? கப்பல் அலுவலகத்துல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க. சீட்டோட போச்சு.

இப்ப உங்களுக்கு என்ன வேணும்? அடுத்த தடவை இப்படி நடக்கக்கூடாது. கப்பல் நாலு மணின்னா நாலு மணிக்குக் கிளம்பணும். படியில ஷூ இருந்தா சீட்டு கட்டி அலமாரியில வைக்கணும், கப்பல் போனதும் யோசிக்கணும். அதுக்கு என் முத்திரை.

இதைச் சுத்தி யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. மிதோபே கப்பலை நம்பித்தான் பத்துப் பேர் உட்கார்ற வண்டி வாங்கினான். அந்த நூடுல்ஸ் கடை அம்மா புதன்கிழமை லீவை மாத்தின ஒரே ஆள், அவ ஒருத்திதான் தைரியமா மாத்தினா. நேத்து சாயங்காலம் குரோசாகா சான் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, இடுப்பு வரைக்கும் குனிஞ்சார். முப்பது வருஷமா அவரை எனக்குத் தெரியும், கழுத்துக்குக் கீழ அவர் வளைஞ்சு நான் பார்த்ததில்ல. தோகுரா சான், உங்க ஒரு ஆளோட பிடிவாதத்துல ஊரே முடங்கிடும்னார். தப்பாச் சொல்லல. நாளைக்கு மீன் சந்தைக்கு நான் போனா யாரும் பேசமாட்டாங்க. எட்டுக் கைக் கணவாய்க்கு ரெண்டு நாள் பேசாத ஜனம், இதுக்கு எத்தனை வருஷம் பேசாதோ.

அதனாலதான் முத்திரையை எடுத்துக்கிட்டு வந்தேன். வெச்சுடலாம்னுதான் வந்தேன். நெஜமா.

அதைத் தொடாதீங்கன்னு சொன்னேனே. இல்ல, பரவால்ல. எடுத்துட்டீங்க. பாருங்க.

அதுவும் ஷூதான், ஆமா. பொம்பளை ஷூ. கருநீலம், குட்டைக் குதிகால். அதிகமாப் போட்டுத் தேயாதது, அடியில பாருங்க. சீட்டு என் கையெழுத்துதான். விளக்குத்தூண் படிக்கட்டு, மூணாவது படி. மத்தியானம் ஒண்ணு ஐம்பது. உள்ள இருக்கிற செய்தித்தாளும் நான் அடைச்சதுதான், அன்னைக்குத் தூறல், தோல் சுருங்கிடக்கூடாதுன்னு.

மொத வருஷம், ஜூன் மாசம், மூணாவது கப்பல். அப்பல்லாம் மத்தியானமே கரையோரமா ஒரு நடை போவேன். அப்பதான் கப்பலுங்க வர ஆரம்பிச்சிருந்துச்சு. ஊர் பூரா வெளியூர் ஆளுங்க, அங்கங்க உட்கார்றாங்க, காலைத் தண்ணியில விடறாங்க. அந்த ஷூவைப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் தோணல. எவளோ காலை நனைச்சுட்டு, வெறுங்காலோட பஸ் ஏறிட்டா, மூளை கெட்டவள்னு நினைச்சேன். ஆனா அழகா அடுக்கி வெச்சிருந்துச்சா, அதைப் பார்த்து, பரவால்லயே, இந்தக் கூட்டத்துல ஒருத்திக்காவது ஷூவை ஒழுங்கா வைக்கத் தெரியுதேன்னும் நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன். எடுத்துக் கூடையில போட்டேன். சீட்டு கட்டினேன். அன்னைக்குக் கப்பலுக்கு மூணு தடவை போன் பண்ணி, உங்க பயணி ஒருத்தி வெறுங்காலோட இருப்பா, தேடுங்கன்னு அவங்களைத் திட்டினேன். கப்பல் கிளம்பினப்ப கைக்குட்டையை ஆட்டி வழியனுப்பினேன்.

ரெண்டு மணிக்கு ஓமுரோங்கிற கிழவர் படகைக் கட்டிட்டு அந்தப் படிக்கட்டு வழியாத்தான் ஏறிப் போவார். தினமும். அன்னைக்கும் போனார். அவர் போலீஸ்ல சொன்னது, அங்க எதுவும் இல்ல, படி சுத்தமா இருந்துச்சுன்னு. சுத்தம் பண்ணினது நான். அது அங்கயே இருந்திருந்தா அவர் பார்த்திருப்பார். பத்து நிமிஷத்துல படகு போயிருக்கும். தண்ணி அப்ப ஏறிக்கிட்டு இருந்துச்சு, உள்ள இழுக்கலைன்னு டாக்டர் சொன்னார். ரெண்டு மணிக்குன்னா உயிரோட கிடைச்சிருக்கலாம்னார். இருக்கலாம்னுதான் சொன்னார்.

யாரோடதுன்னா... சினாட்சு. என் மருமக.

ராத்திரி ஏழு மணிக்கு என் மகன் போன் பண்ணி அவ இன்னும் வீட்டுக்கு வரலைன்னான். அப்பகூட எனக்குப் புரியல. அவளுக்கு எப்பவுமே நேரம் தெரியாதுன்னு சொன்னேன். மறுநாள் காலையில அவன் இங்க வந்தான். இதே இடத்துல நின்னான். அலமாரியைப் பார்த்தான். முந்தின ஞாயித்துக்கிழமைதான் அவன் அவளுக்கு வாங்கிக் குடுத்தானாம், எனக்குத் தெரியாது. என்னை ஒண்ணும் கேக்கல. இப்ப நாகோயால இருக்கான். கேட்டிருந்தா குடுத்திருப்பேன், ஆனா உரிமையாளர்னு எழுதற கட்டத்துல அவனை யாருன்னு போடறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

இல்ல, கைக்குட்டை என்கிட்ட இருக்கு. நன்றி.

அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு அவ இந்த மேசைக்கு வந்தா. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தா. டப்பா மூடி சரியா மூடல, குழம்பு துணியில கசிஞ்சிருந்துச்சு. இத்தனை வயசுக்கு ஒரு மூடியை மூடத் தெரியலயான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். குரோசாகா சான் இருந்தார், மிதோபே இருந்தான். அவ மன்னிச்சுக்கோங்க அத்தைன்னு குனிஞ்சுட்டுப் போனா. நான் டப்பாவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் லியூங் சான். அவ காலைப் பார்க்கல.

பார்த்திருந்தா, ஒண்ணு ஐம்பதுக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

அதை இப்படிக் குடுங்க. முனை இந்தப் பக்கம் இருக்கணும். சரி.

முத்திரையை உள்ள வெச்சுக்கிறேன். ஐம்பத்தஞ்சுன்னே எழுதுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல என் பேரை எழுதுங்க, ஊர் பேரை எழுதாதீங்க. என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டு அவங்க முத்திரையை வாங்கணும்னா, அது குரோசாகா சான் இஷ்டம். ஆனா கப்பல் வந்தாலும் வராட்டியும் மூணு இருபதுக்கு நான் அந்தப் படிக்கட்டுக்குப் போவேன், ஷூ இருந்தா போன் போடுவேன். அது உங்க வீட்டுக்காரம்மாவோடதா இருந்தாலும் சரி, செத்தவரோடதா இருந்தாலும் சரி, யாரோ மறந்து வெச்சதா இருந்தாலும் சரி. மிதோபேகிட்ட நானே சொல்லிக்கிறேன்.

டீயைப் பாதியில வெச்சுட்டீங்க. பரவால்ல, மழை விட்டுடுச்சு, கிளம்புங்க.

லியூங் சான். குடை. தொட்டியில இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னொண்ணை இந்த அலமாரியில நான் வெச்சுக்கமாட்டேன்.